இடப்பக்கத்து ஸலாம்

1

டெக்சஸின் பிளானோவில் நாங்கள் தொழுகிற பள்ளிவாசல் ஒரு காலத்தில் கார்ப்பெட் கடையாக இருந்த கட்டடம். அதில் இடப்பக்கச் சுவரை ஒட்டி ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு மூலை உண்டு. ஆறு வருடமாக அது என் இடம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு எவ்வளவு சீக்கிரம் போனாலும் முன்வரிசையின் நடுவை விட்டுவிட்டு அந்த மூலைக்குத்தான் போவேன். ஏசி காற்று நேராக விழுகிற இடம், அதனால்தான் நான் அதைப் பிடித்துக்கொள்கிறேன் என்று என் மனைவி ரஹ்மத் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். நானும் திருத்தவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். தொழப் பாயை விரித்தால் முதலில் இடப்பக்க ஜன்னலின் மறைப்பை இறக்கிவிடுவேன். பகல் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு எதற்கு லைட் போடுகிறீர்கள் என்று ரஹ்மத் சத்தம் போடுவாள். சண்டைக்கு நான் போனதில்லை. என் இடப்பக்கம் திறந்து கிடந்தால் என்னால் தலையைத் தரையில் வைக்க முடியாது. இதை எப்படி ஒருத்தியிடம் சொல்வது?

போன வெள்ளிக்கிழமை அந்த மூலைக்கு நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு நான் மான் வேட்டைக்குப் போன கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சிரிக்காதீர்கள்.

2

காயல்பட்டினத்துக்காரனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? ஊரில் நான் பார்த்த ஒரே துப்பாக்கி பேங்க் வாசலில் காவல்காரர் மடியில் கிடந்தது. என்னைக் கெடுத்தவர் ஜலீல் காக்கா. எங்கள் ஊர்க்காரர்தான், அங்கே அண்ணனைக் காக்கா என்போம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்கு முன்னே வந்து குடியுரிமையும் வாங்கிவிட்டவர். பிளானோவில் லெகஸி சாலைப் பக்கம் நான் வேலை பார்த்த அதே கம்பெனியில் வேறு மாடியில் இருந்தார். இந்த நாட்டில் அவருக்கு ஒரே குறை, கறி. ஹலால் கடையில் கிடைக்கிற ஆட்டில் கொழுப்புதான் இருக்கிறது, ஆட்டைக் காணோம் என்பார். அவருடைய பக்கத்து வீட்டு அமெரிக்கர் அவரை ஒருமுறை மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். பிஸ்மி சொல்லிச் சுட்டு, உயிர் இருந்தால் அறுத்து, காக்கா கொண்டுவந்த அந்தக் கறியை ரஹ்மத் குருமா வைத்தாள். அன்றிலிருந்து நானும் அவர் பின்னாலேயே அலைந்தேன்.

விஷயத்தை ஊருக்கு போனில் சொன்னபோது உம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, போலீஸ் பிடிக்காதா என்று கேட்டார். நம் ஊரில் மான் கறி என்றால் ஜெயில். இங்கே அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்து, பொது நிலத்துக்கு வரைபடமும் கொடுக்கிறது, கடையில் காசு கட்டினால் போதும் என்றேன். உம்மா நம்பவில்லை. எதற்கும் போனில் பேசாதே என்று வைத்துவிட்டார்.

பொது நிலம் என்றால் அரசாங்கக் காடு. எவனும் போகலாம். டெக்சஸில் பெரும்பாலான காடு தனியார் வேலிக்குள் இருப்பதால் திறந்த இடத்தில் கூட்டம் அம்மும். சீசன் ஆரம்பிக்கிற நாளில் வண்டி நிறுத்துகிற இடத்தைப் பார்த்தால் திருவிழா மாதிரி இருக்கும். காக்காவின் வித்தையெல்லாம் அந்தக் கூட்டத்துக்குத் தப்புவதில்தான் இருந்தது. முதல் நாள் போகக்கூடாது. லீவு போட்டு வார நடுவில் போகவேண்டும். கூட்டம் நடக்கிற பாதையில் நடக்கக்கூடாது, வரைபடத்தில் சாலை எட்டாத ஓடைக்கு அந்தப்புறம் போய் உட்கார வேண்டும்.

"மான் நம்மள மாதிரிதான் தம்பி. கூட்டத்தப் பாத்தா ஒதுங்கிரும். கூட்டம் எங்க பார்க் பண்ணுதுன்னு பாரு, அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் போ" என்பார்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. மத்தியானம் எல்லாரும் பசித்து வண்டிக்குத் திரும்புவார்கள். அவர்கள் நடக்கிற சத்தத்தில் படுத்திருக்கும் மான் எழுந்து உள்காட்டுக்கு வரும். அந்த நேரத்தில் நாம் அங்கே இருக்க வேண்டும். மலைநாட்டில் எல்க் என்று குதிரை அளவு மான் இருக்கிறது, கொலராடோவின் பொது நிலத்தில் அதற்கும் இதே கணக்குதான், ஒரு வருடம் போகலாம் என்று காக்கா கனவு கண்டுகொண்டிருந்தார்.

நான் கூட்டத்துக்கு ஒதுங்கியதற்கு மான் மட்டும் காரணமில்லை. நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த மறுவருடம் அது. வண்டியிலிருந்து நான் துப்பாக்கியை எடுக்கும்போது பக்கத்து வண்டிக்காரர்களின் பேச்சு ஒரு நொடி நிற்கும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. குட்மார்னிங் சொன்னவர்களும் உண்டு. ஆனாலும் அந்த ஒரு நொடி என் முதுகில் ஏறிக்கொண்டு காடு முழுக்கக் கூடவே வரும். அதனால் காக்கா ஒரு மைல் நடக்கச் சொன்னால் நான் இரண்டு மைல் நடந்தேன்.

3

அன்று ஓடைக்கு இந்தப்பக்கம் காக்கா உட்கார்ந்துகொண்டார். நான் தாண்டிப் போய் ஒரு பைன் மரத்தடியைப் பிடித்தேன். காலையிலிருந்து அணில்தான் வந்தது. மத்தியானம் லுஹர் தொழுகை நேரம் ஆயிற்று. பயணத்தில் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஐந்து நிமிட வேலை. பாட்டில் தண்ணீரில் முகம், கை, கால் கழுவி ஒளு செய்துகொண்டேன்.

பொது நிலத்தில் வேட்டைக்காரன் ஆரஞ்சு நிறத்தில் மேல்சட்டையும் தொப்பியும் போடுவது சட்டம். மானுக்கு அந்த நிறம் தெரியாது, மனிதனுக்குத் தெரியும். அதுதான் உயிர்க்காப்பு. கீழே பார்த்தேன், தரையெல்லாம் உண்ணியும் முள்ளும். பாய் கிடையாது. மேல்சட்டையைக் கழற்றி விரித்தேன். ஆரஞ்சுத் தொப்பிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு, ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைக்க விடாது. அதையும் கழற்றி, சட்டைப்பையில் இருந்த என் வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டேன். திசைகாட்டியைப் பார்த்து வடகிழக்கே நின்று தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்தேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் காட்டு மானுக்குப் பெயரே வெள்ளைவால் மான். பழுப்பு உடம்பு, மிரண்டால் தூக்குகிற வெள்ளை வால். நான் போட்டிருந்ததோ பழுப்புச் சட்டை, பழுப்புக் கால்சட்டை. புதருக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று எழுகிறது, தாழ்கிறது, மறுபடி எழுகிறது. குர்ஆன் ஆயத்தெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த எனக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லை.

இரண்டாவது ரக்அத்தில் ஸுஜூதுக்குப் போகிறேன். நெற்றி துணியைத் தொட்ட அதே நேரம் என் பிடரியில் மரப்பட்டைச் சில்லுகள் விழுந்தன. அதற்குப் பிறகுதான் வெடிச்சத்தம் கேட்டது. தோட்டா நான் நின்றிருந்தபோது என் தலை இருந்த உயரத்தில் மரத்தில் ஏறியிருந்தது.

நான் எழவில்லை. எழ முடியவில்லை என்பதுதான் சரி. கத்தவும் வரவில்லை. ஸுஜூதில் ஓதுகிற தஸ்பீஹ் வாயில் பாதியில் நின்றுபோய், மூக்கில் அந்த மேல்சட்டையின் ரப்பர் வாசனை ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இடப்பக்கமிருந்து காலடிச் சத்தம் வந்தது. சருகு மிதிபடுகிறது. மெதுவாக வருகிறது. கிட்டே வந்து நின்றது. இரண்டு ஆள் நீளத் தூரம் இருக்கும். வந்தவன், சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோல ஒரு மூச்சை உள்ளே இழுத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அடிபட்டதா என்று கேட்கவில்லை. இரண்டாவது தோட்டாவுக்காக நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். ரஹ்மத்தை நினைக்கவில்லை, அப்போது தொட்டிலில் இருந்து இறங்கி நடக்கப் பழகியிருந்த மகள் சுமையாவை நினைக்கவில்லை. லைட் பில் கட்டினோமா என்று நினைத்தேன். மனசு எவ்வளவு கேவலமானது பாருங்கள்.

பிறகு காலடி திரும்பியது. முதலில் நடை, அப்புறம் ஓட்டம்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தொழுகை முடிகிறபோது முகத்தை முதலில் வலப்பக்கமும் பிறகு இடப்பக்கமும் திருப்பி, உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும் என்று சொல்வது வழக்கம். அன்றைய தொழுகை அந்தரத்தில் நின்றது.

வெடிச்சத்தம் கேட்டு ஜலீல் காக்கா சந்தோஷமாக ஓடிவந்தார். எங்கே விழுந்தது, எத்தனை கொம்பு என்று கேட்டுக்கொண்டே வந்தவர், மரத்தைப் பார்த்தார், கீழே விரித்திருந்த ஆரஞ்சுத் துணியைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. என் வெள்ளைத் தொப்பியைத் தன் கையால் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வனக்காவலரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றார் காக்கா. நான் கெஞ்சினேன். என் கிரீன் கார்டு பேப்பர் அப்போது எந்த மேஜையில் தூங்குகிறது என்றே தெரியாத காலம். பெயர் சரிபார்ப்பு என்று ஒன்றில் மாட்டியிருந்தது. துப்பாக்கி, காடு, முஸ்லிம் பெயர், இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொடுக்க என்னால் முடியாது என்றேன். திரும்பி வரும் வழியில் காருக்குள் நாங்கள் பேசியது இவ்வளவுதான்.

"மான்னு நெனச்சு சுட்டிருப்பான் தம்பி. வேற மாதிரி எடுத்துக்காத."

"கிட்ட வந்து பாத்தான் காக்கா. மனுஷன்னு தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்காமப் போனான். அவன் பாத்தது மானையா, என்னையா?"



4

இந்தக் கேள்வியோடுதான் ஆறு வருடம் இந்த நாட்டில் குடியிருந்தேன். தவறிச் சுட்டான் என்றால் அது விபத்து, மறந்துவிட்டு வீடு வாங்கலாம், பிள்ளை வளர்க்கலாம். தெரிந்து சுட்டான் என்றால் இங்கே எனக்கு என்ன வேலை? ஒவ்வொரு நாளும் ஒரு பதில் வரும். காஸ்ட்கோ கடையில் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற கிழவரைப் பார்த்தால், விபத்துதான். ஏர்போர்ட்டில் வரிசையிலிருந்து என்னைத் தனியாக ஒதுக்கினால், தெரிந்துதான். டோல்வே நெடுஞ்சாலையில் இடப்பக்கம் ஒரு பிக்கப் வண்டி என்னோடு சமமாக வந்தால் இப்போதும் வேகத்தைக் குறைத்து அதை முன்னே போகவிடுவேன்.

ரஹ்மத்திடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே பெட்டியைக் கட்டிவிடுவாள். ஊருக்குப் போவதில் எனக்கொன்றும் வருத்தமில்லை. பயந்து ஓடியவன் என்று என் கண்ணிலேயே நான் ஆகிவிடுவேனே, அதுதான். கிரீன் கார்டு வந்தது. துப்பாக்கியைக் காக்காவிடம் கொடுத்துவிட்டேன். வேட்டைக்குப் போகாததற்கு வேலைப்பளு என்று எல்லாரிடமும் சொன்னேன். காக்கா கொலராடோவுக்கு எல்க் வேட்டைக்குப் போனார், மலையில் கூட்டம் மேலும் மோசம் என்று திட்டிக்கொண்டே கறியோடு வந்தார். ஒரு பொட்டலம் எங்கள் ஃப்ரீசரில் வருடக்கணக்காகக் கிடந்தது. நான் தொடவில்லை.

சுமையா வளர்ந்தாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். வீட்டில் ஏன் எப்போதும் ஜன்னலை மூடி வைக்கிறாய் என்று அவளும் கேட்டாள். வெயில் என்றேன். டிசம்பரிலா வாப்பா என்றாள்.

5

காக்காவுக்கு நியூஜெர்சியின் பிஸ்கட்டவேக்கு வேலை மாற்றம் வந்தது. வீட்டை விற்றுவிட்டார். நியூஜெர்சிக்குப் போகுமுன் கடைசியாக ஒரே ஒரு தடவை என்னோடு வா என்று கேட்டார். ஆறு வருடத்தில் அவர் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. இரண்டு வாரம் முன்பு, ஒரு புதன்கிழமை, போனோம்.

அதே காடு, வேறு பக்கம். வழக்கம்போல் கூட்டத்துக்கு எதிர்த்திசை. மத்தியானம் புதருக்குள் ஏதோ அசைந்தது. பழுப்பாக ஓர் உடம்பு, தாழ்ந்து இருந்தது. ஓரத்தில் வெள்ளையாக ஒன்று எழுந்தது, மறைந்தது, மறுபடி எழுந்தது. காக்கா திருப்பிக் கொடுத்திருந்த துப்பாக்கியைத் தோளில் வைத்து ஸ்கோப்பில் பார்த்தேன். கொம்பு தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கொம்பு தெரிந்தது. இடப்பக்கம் நான்கு கிளை எண்ணினேன். நாக்கில் பிஸ்மில்லாஹ் வந்துவிட்டது. விரல் விசைக்குள் போய்விட்டது.

மான் இருமியது.

துப்பாக்கியை இறக்கினேன். வெறும் கண்ணால் பார்த்தால் அங்கே ஓர் அமெரிக்கக் கிழவர் குந்திக்கொண்டிருந்தார். காட்டில் வெளிக்குப் போயிருக்கிறார். கையில் வெள்ளைக் காகிதச் சுருள். இடைஞ்சலாக இருக்கிறதென்று ஆரஞ்சு மேல்சட்டையையும் தொப்பியையும் கழற்றி மரத்தின் அந்தப்பக்கம் மாட்டியிருந்தார். கொம்பு என்று நான் எண்ணியது அவர் தலைக்குப் பின்னால் இருந்த காய்ந்த கிளை.

பிறகு நடந்ததுதான் முக்கியம். நான் சுடவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் என் கால் தானாகப் பின்னால் போக ஆரம்பித்தது. ஓசைப்படாமல் ஓரடி, இன்னோரடி. அவர் என்னைப் பார்க்குமுன் அங்கிருந்து போய்விட வேண்டும், அவ்வளவுதான் உடம்புக்குத் தெரிந்தது. சருகு மிதிபட்டு, அவர்தான் யாரது என்று குரல் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் நின்றேன்.

பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். நடந்ததை அப்படியே சொன்னேன். உங்களை மான் என்று நினைத்துக் குறி வைத்துவிட்டேன், கொம்புகூடப் பார்த்தேன் என்றேன். அவர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, துப்பாக்கியை வாங்கி மரத்தில் சாய்த்து வைத்தார். அப்புறம் என் தோளைப் பிடித்து, "ஆர் யூ ஆல்ரைட், சன்?" என்று கேட்டார்.

சாக இருந்தவர் அவர். நலமா என்று கேட்கப்பட்டவன் நான். அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். இப்படி அழுகிற வேட்டைக்காரனை அவர் பார்த்திருக்க மாட்டார், பாவம். காக்கா வந்து சேரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

6

வீட்டுக்கு வந்து ரஹ்மத்தையும் சுமையாவையும் உட்கார வைத்து ஆறு வருடக் கதையைச் சொன்னேன். ரஹ்மத் எழுந்து போய் ஹாலில் ஜன்னல் மறைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் திரும்பி வந்து என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். ஆறு வருஷம் ஏசின்னு சொல்ல வச்சீங்களே என்று அழுதாள்.

சுமையா நான் அந்த ஆரஞ்சுத் தொப்பியை எதற்காகக் கழற்றினேன் என்பதிலேயே நின்றாள். விளிம்பு இடிக்கும் என்று செய்து காட்டினேன். அவள் கேட்டாள்.

"வொய் டிட்ன்ட் யூ ஜஸ்ட் டர்ன் இட் அரவுண்ட், வாப்பா?"

ஒரு தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போடலாம் என்பது எனக்கும் காக்காவுக்கும் ஆறு வருடமாகத் தோன்றவில்லை. இங்கே பிறந்த பிள்ளைக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஆனால் இதை நான் எழுதுவது தொப்பிக்காக இல்லை.

அன்று என்னைச் சுட்டவன் பார்த்தது மானைத்தான். என் கண்ணே கிளையைக் கொம்பாக்கியதே, அவன் கண் ஆக்காதா? அந்தக் கேள்வி தீர்ந்தது என்று இரண்டு நாள் லேசாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் டோல்வேயில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது அடுத்த கேள்வி வந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

நான் சுட்டிருந்தால் என்ன பார்த்திருப்பேன்? கிட்டே போயிருப்பேன். முகம் குப்புற ஒரு மனிதர் அசையாமல் கிடப்பதைப் பார்த்திருப்பேன். என் கால் என்ன செய்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். அன்று அவன் என்ன பார்த்தான்? மானைச் சுட்டுவிட்டு ஆசையாக நடந்து வந்தான். நெற்றி தரையில், கை இரண்டும் தரையில், அசையாத ஒரு மனிதனைப் பார்த்தான். நான் எழவில்லை. ஒரு சத்தம் போடவில்லை. அந்த இழுத்த மூச்சைக் குறி தப்பிய கோபம் என்று ஆறு வருடம் நினைத்தேனே, அது கோபமில்லை.

அவன் என்னைக் கொன்றுவிட்டதாக நினைத்து ஓடியிருக்கிறான்.

அவனும் கூட்டத்துக்கு ஒதுங்கித்தான் அவ்வளவு தூரம் வந்திருப்பான். அதனால் சாட்சியும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை. மறுநாள் பேப்பரில் தேடியிருப்பான். ஒன்றும் வந்திருக்காது. வராதது அவனுக்கு இன்னும் பயமாக இருந்திருக்கும். காட்டுக்குள் அந்த உடம்பு அப்படியே கிடக்கிறது என்று நினைத்திருப்பான். டெக்சஸில் ஏதோ ஒரு வீட்டில் நான் செத்து ஆறு வருடமாகிறது. அவனும் எங்காவது ஜன்னலை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பான். ஓடிப்போனதற்காக அவன் மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் ஒருமுறை தலையை அசைத்திருந்தால் போதும், அவன் இந்த ஆறு வருடமும் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். என்னால் முடியவில்லை.

அவன் பெயர் தெரியாது, முகம் தெரியாது. வனக்காவல் அலுவலகத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புகார் ஏதும் பதிவாகவில்லையே, யாரைத் தேடுவது என்றாள். சரிதான். புகார் வேண்டாம் என்று கெஞ்சியவனே நான்தானே.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் மூலைக்குப் போகாமல் வரிசையின் நடுவில் போய் நின்றேன். இரண்டு பக்கமும் ஆட்கள். ஸுஜூதில் நெற்றியை வைத்தபோது இடப்பக்கம் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அசையாமல் இருந்துவிடவில்லை, எழுந்தேன். கடைசியில் வலப்பக்கம் முகத்தைத் திருப்பி ஸலாம் சொன்னேன். இடப்பக்கம் திரும்பி ஸலாம் சொன்னேன். அதோடு முடித்துக்கொள்ளாமல், அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய இன்னொன்றும் சொன்னேன். இப்போது ஐந்து வேளையும் சொல்கிறேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கோ இதை வேறு பாஷையில் சொல்ல வரவில்லை.

"நான் சாகலப்பா. நீ யாரையும் கொல்லல. வீட்டுக்குப் போ."